ஊர் மாறினாலும் தடுப்பூசித் தவணை மாற வேண்டாம்

செங்கல் சூளை, கரும்பு வெட்டு என்று குடும்பத்தோடு இடம்பெயர்பவர்களின் பிள்ளைகளுக்குத் தவணை எளிதில் தவறிப்போகிறது. தங்கியிருக்கும் ஊரின் துணை சுகாதார நிலையத்திலோ ஆரம்ப சுகாதார நிலையத்திலோ இலவசமாகவே போடலாம். தமிழ்நாட்டில் வழக்கமான நாள் புதன்கிழமை. காலையிலேயே போய்விடுங்கள். தட்டம்மை-ரூபெல்லா மருந்தைக் கலந்து 4 மணி நேரத்துக்குள் தீர்க்க வேண்டும், மிச்சத்தைக் கொட்டிவிடுவார்கள்.

6, 10, 14 வாரங்களில் பெண்டாவேலன்ட் (ஐந்து நோய்களைத் தடுக்கும் ஒரே ஊசி), போலியோ, ரோட்டா (வைரஸ் வயிற்றுப்போக்கைத் தடுக்கும் சொட்டு மருந்து). 9 மாதம் முடிந்ததும் தட்டம்மை-ரூபெல்லா முதல் தவணை, 16 முதல் 24 மாதத்துக்குள் இரண்டாவது.

பலர் செய்யும் தவறு, ஒரு தவணை விட்டுப்போனால் 'இனி பயனில்லை' என்று நிறுத்திவிடுவது. முதலிலிருந்து தொடங்கவே வேண்டாம். விட்ட இடத்திலிருந்து, குறைந்தது 4 வார இடைவெளியில் தொடரலாம். ஆனால் பெண்டாவேலன்ட்டின் முதல் தவணை ஒரு வயதுக்குள் விழுந்துவிட வேண்டும். லேசான சளி, இருமல் இருந்தாலும் போடலாம்.

ஊசிக்குப் பின் அரை மணி நேரம் அங்கேயே இருங்கள். பிறந்ததும் போடும் காசநோய்த் தடுப்பூசியான பிசிஜி போட்ட இடத்தில் சில வாரங்களில் கொப்புளம் வந்து தழும்பாகும், அது இயல்பு. மஞ்சள், களிம்பு எதுவும் வைக்காதீர்கள். தடுப்பூசி அட்டையை இப்போதே செல்போனில் படம் எடுத்து வையுங்கள்.