332-ம் நாளிலிருந்து

பிப்ரவரி 3

எங்கள் பெட்டைக்குதிரை செவலைக்குச் சினை இன்று 332-ம் நாள். பொலிக்கு விட்டது மார்ச் 8. 340 நாள் கணக்கில் 11-ம் தேதி வருகிறது. 320-லிருந்து 365 வரை எதுவும் இயல்புதான். மடி காலையில் பருத்திருக்கிறது, நடந்துவிட்டு வந்தால் சுருங்கிவிடுகிறது. சுருங்காமல் நின்றால்தான் நாள் நெருங்கியதாக அர்த்தம். தனுர்வாத ஊசி போட்டு 5 வாரம்.

லத்தி: இரவில் 4, பகலில் 5. சரி.

பிப்ரவரி 4

பக்கத்துத் தோட்டத்தார் மறுபடியும் ஒரு கட்டுப் பச்சைச் சோளத்தட்டை வேலியோரம் வைத்துவிட்டுப் போயிருக்கிறார். நல்ல மனசு. "எருமை திங்குதுங்க, குதிரைக்கு என்னங்க ஆகும்?" ஆகும். இளம்பயிரிலும் வாடி நின்ற பயிரிலும் சயனைடு சேரும், அது மாட்டையே சாய்க்கும் என்பது அவருக்கும் தெரியும். குதிரைக்கு வேறொன்றும் உண்டு. பச்சைச் சோளத்தை வாரக்கணக்கில் தின்றால் தண்டுவடம் கெட்டுப் பின்பக்கம் தள்ளாடும், மூத்திரப்பை பிடிப்பு விட்டுச் சொட்டிக்கொண்டே இருக்கும். சினைப்பெட்டை தின்றால் கரு கலையலாம். குட்டி மூட்டு மடங்கி விறைத்தபடி பிறக்கலாம்.

மார்கழியில் பத்து நாள் இதே தட்டு செவலையின் தொட்டியில் விழுந்திருக்கிறது. பத்தே நாள். பத்து நாள் அதிகமா? மூத்திரம் சொட்டவில்லை. நடை நேராக இருக்கிறது.

கட்டு எருமைக்கே திரும்பிப் போயிற்று. இவளுக்குக் காய்ந்த கொழுக்கட்டைப் புல் 6 கிலோ, உலர்த்திய குதிரைமசால் 2 கிலோ, கொள்ளு 1 கிலோ ஊறவைத்து, வேகவைத்து, இரண்டு வேளையாக. தவிடு ஒரு கைப்பிடிதான். தவிட்டில் சுண்ணாம்புச்சத்தைப் போலப் பத்து மடங்கு பாஸ்பரஸ். அது சுண்ணாம்பை உடம்பில் சேர விடாது, குட்டிக்கு எலும்பு கட்ட வேண்டியது தாயின் எலும்பிலிருந்து உருவப்படும்.

பிப்ரவரி 5

இரவில் லத்தி 2 மட்டும். சின்ன உருண்டை, மேலே சளி படர்ந்து பளபளப்பு. தண்ணீர்த் தொட்டியில் பாதிக்கு மேல் அப்படியே நிற்கிறது: 15 லிட்டர்கூடக் குடிக்கவில்லை, குறைந்தது 30 வேண்டும். குட்டி குடலை அழுத்துகிற மாதம் இது, லத்தி இறுகினால் அடைத்துக்கொள்ளும். தொட்டியைத் தேய்த்துக் கழுவிப் பார்த்தால் அடியில் பாசி. புதுத் தண்ணீர் வைத்தவுடன் குடித்தாள். கொள்ளைக் கஞ்சி மாதிரி நீர்க்கக் கரைத்து 30 கிராம் உப்புப் போட்டு வைத்தேன். இருபது நிமிடம் நடை. காதை வயிற்றில் வைத்தால் இரண்டு பக்கமும் சத்தம் கேட்கிறது. நாடி 42, ஈறு இளஞ்சிவப்பு.

பிப்ரவரி 6

லத்தி 4. ஈரம் இருக்கிறது.

பிப்ரவரி 8

லாயம் 14-க்கு 14 அடி. சுவரில் இரண்டு ஆணி நீட்டிக்கொண்டிருந்தன, பிடுங்கியாயிற்று. மரத்தூளை முழுக்க வாரிவிட்டு வைக்கோல் பரப்பினேன். தூள் ஈரக்குட்டியின் மூக்கிலும் தொப்புளிலும் ஒட்டும். அந்தியூர் சந்தையில் வாங்கிய மணிப்பட்டையைக் கழற்றிவிட்டேன், குட்டியின் கால் அதில் மாட்டும்.

மார்கழித் தட்டு நினைவு போகவே மாட்டேன் என்கிறது.

பிப்ரவரி 9

மாலையில் ஒரு கரண்டிப் பால் கறந்து பி.எச். தாளில் தொட்டேன். 7.2. ஈனும் நேரம் நெருங்கினால் எண் இறங்கும், இன்னும் இல்லை.

பிப்ரவரி 10

6.8. வால் மூட்டைச் சுற்றிச் சதை தளர்ந்துவிட்டது, அழுத்தினால் களி மாதிரி.

பிப்ரவரி 11

340. ஒன்றுமில்லை. லத்தி 5.

பிப்ரவரி 12

காம்பு நுனியில் மெழுகு கட்டியிருக்கிறது. பால் 6.4. இன்றிரவாக இருக்கலாம். குதிரைகள் பெரும்பாலும் இருட்டில்தான் ஈனும்.

வாலைத் துணியால் சுற்றி, மடியையும் பின்புறத்தையும் வெந்நீரில் கழுவினேன். மனசுக்குள் ஓடிக்கொண்டே இருப்பது ஒன்றுதான்: வெளுத்த, நீலம் பாய்ந்த பை முதலில் தெரிந்தால் சரி. சிவப்பாக வெல்வெட் மாதிரி தெரிந்தால் நஞ்சுக்கொடி முன்னமே பிரிந்துவிட்டது, உள்ளே குட்டிக்கு மூச்சில்லை. அப்போது டாக்டருக்காகக் காத்திருக்கக் கூடாது. அந்தக் கணமே பையைக் கத்தரித்துக் குட்டியை வெளியே எடுக்க வேண்டும். கத்தரி கொதிக்கவைத்து ஆணியில் தொங்குகிறது. டாக்டரிடம் சொல்லி வைத்திருக்கிறேன், வந்து சேர நாற்பது நிமிடமாகும்.

பிப்ரவரி 13, விடியல்

11:20 கழுத்தில் வியர்வை. படுப்பதும் எழுவதுமாக.
1:05 நீர்க்குடம் உடைந்தது.
1:11 பை வெள்ளை. வெள்ளை!
1:14 இரண்டு முன்கால்கள், ஒன்று சற்று முன்னால், குளம்படி கீழ்நோக்கி. முழங்கால் மேல் மூக்கு. தொடவில்லை. முன்னேற்றமில்லாமல் பத்து நிமிடம் போனால்தான் போன்.
1:26 வெளியே. தொப்புள்கொடி தானாகவே அறுந்தது, அறுக்கக் கூடாது. 0.5% குளோர்ஹெக்சிடின் கரைசலில் தொப்புளை முக்கினேன். நாளைக்கு நான்கு தடவை, மூன்று நாள்.
2:15 நின்றது, நான்காவது முயற்சியில்.
3:05 சீம்பால். உறிஞ்சும் சத்தம் கேட்கிறது.
3:25 நஞ்சு விழுந்தது. மூன்று மணி நேரம் தாண்டினால் டாக்டர். கையால் இழுத்தால் கிழிந்து உள்ளே தங்கும், கருப்பை அழுகிக் குளம்பு வரைக்கும் நோய் இறங்கும். தரையில் விரித்துப் பார்த்தேன். கருப்பையின் இரு கிளை போலவே நஞ்சிலும் இரண்டு கொம்பு, இரண்டின் நுனியும் முழுசாக இருக்கிறது. குட்டி இல்லாத பக்கத்துக் கொம்பின் நுனிதான் அடிக்கடி உள்ளேயே நின்றுவிடும், அதை மூன்று தடவை பார்த்தேன்.

பிப்ரவரி 13, மதியம்

குட்டியின் இடது முன்காலில் கணு முன்னுக்குச் சாய்கிறது. வலது நேர். குளம்பு தரையில் படுகிறது, ஆனால் களைத்துப்போனால் மடங்குகிறது. லேசான மடங்கல் நடக்க நடக்கத் தானே நிமிரும் என்கிறார் டாக்டர். இதற்குக் காரணம் பல, கருப்பைக்குள் படுத்திருந்த விதமாகவும் இருக்கலாம் என்கிறார். சோளத்தட்டைப் பற்றிச் சொன்னேன். பதில் சொல்லவில்லை. மாலை வந்து பார்க்கிறார். அப்படியே இருந்தால் நரம்பில் ஆக்ஸிடெட்ராசைக்ளின்.

இரவு 9-க்குக் குட்டியின் ரத்தம் எடுக்க வேண்டும். நோயைத் தடுக்கும் எதிர்ப்புரதம் டெசிலிட்டருக்கு 800 மில்லிகிராமுக்குக் கீழே வந்தால் சீம்பால் போதவில்லை. 400-க்குக் கீழே என்றால் பிளாஸ்மா ஏற்ற வேண்டும்.

12:40 குட்டி வாலைத் தூக்கி முக்குகிறது. எதுவும் வரவில்லை.

1:30 மறுபடியும்.

2:05 முதல் லத்தி: கருப்பு, மூன்று உருண்டை. பால் லத்தியின் மஞ்சள் இன்னும் வரவில்லை.