காது குத்துக்கு போர்ட் பிளேர் போன கதை

8 வருஷம் முன்னாடி சென்னைல இருந்து மதுரைக்கு ஒரு சின்ன விமானத்துல வந்தப்போ மழை மேகத்துக்குள்ள மாட்டி தூக்கி தூக்கி போட்டுச்சு, அன்னைக்கு இறங்கினவன்தான், அதுக்கப்புறம் டெல்லிக்கு கூட ரெண்டு ராத்திரி தமிழ்நாடு எக்ஸ்பிரஸ்லதான் போனேன். இந்த தை மாசம் அக்கா பொண்ணுக்கு அந்தமான் போர்ட் பிளேர்ல (இப்போ பேரு ஸ்ரீ விஜயபுரம்) காது குத்து. தாய்மாமன் மடியில உக்கார வைக்காம எப்படி குத்துறது? கப்பல்ல போகலாம்னா சென்னைல இருந்து மூணு நாள் ஆகும், தினமும் கிடையாது, நம்ம தேதிக்கு ஒத்து வரல. அக்கா போன்ல ஒண்ணும் சொல்லல, "உன் இஷ்டம்டா தம்பி"ன்னா. அதுதான் மனசை அறுத்துச்சு.

என் ஃப்ரெண்ட் ஒருத்தன் விமான மெக்கானிக். அவன்கிட்ட போய் உக்காந்தேன். தைரியமா இருன்னு அவன் ஒரு வார்த்தை சொல்லல, என்னென்ன சத்தம் எப்போ வரும்னு மட்டும் சொன்னான். "மாப்ள, ஏறின உடனே கால் கிட்ட தடால்னு கேக்கும், அது சக்கரம் உள்ள மடங்குறது. அப்புறம் 1,500 அடி வாக்குல இன்ஜின் சத்தம் குறையும், கீழ இறங்குற மாதிரி வயித்துல ஒரு உணர்வு வரும், ஆனா விமானம் ஏறிக்கிட்டுதான் இருக்கும், பவரைத்தான் குறைக்கிறாங்க. றெக்கை ஆடும், ஆடணும், ஆடாம வெறப்பா இருந்தாதான்டா ஆபத்து." 2010ல போயிங் 787 றெக்கையை சோதனைல கிட்டத்தட்ட 25 அடி மேல வளைச்சு பார்த்தாங்க, உடையலன்னும் சொன்னான். றெக்கை பக்கத்து சீட்டா போடு, வால் பக்கத்தை விட அங்க ஆட்டம் கம்மின்னான்.

அப்படியே போட்டேன். ஓடுபாதைல வேகம் எடுக்கும்போது உள்ளங்கை நனைஞ்சிருச்சு. மேல எழும்புச்சு, தடால். சக்கரம்னு வாய்விட்டு சொன்னேன். கொஞ்ச நேரத்துல சத்தம் குறைஞ்சுது, வயிறு கலங்குச்சு, பவர் குறைக்கிறாங்கன்னு சொன்னேன். சொன்னது சொன்னபடி வரிசையா வர வர, இது யாரோ தெரிஞ்சு செய்யுற வேலைங்கிற நம்பிக்கை வந்துச்சு பாருங்க, 8 வருஷமா எனக்கு இல்லாம போனது அதுதான்.

வங்காள விரிகுடா மேல நடுவழியில பெல்ட் லைட் எரிஞ்சுது, குலுங்க ஆரம்பிச்சுது. அவன் சொல்லி குடுத்த மாதிரி அரை பாட்டில் தண்ணியை முன்னாடி ட்ரேல வச்சு அதையே பார்த்தேன். எனக்கு நூறு அடி விழுந்த மாதிரி இருக்கு, ஆனா தண்ணி லேசா அலம்புது, அவ்ளோதான், பாதிக்கு மேல ஏறவே இல்ல. உடம்பு சொல்றதை நம்பணுமா தண்ணி சொல்றதை நம்பணுமா? தண்ணியையே பார்த்துக்கிட்டு இருந்தேன். பத்து நிமிஷம் இருக்கும். பாட்டில்ல கை வைக்காமலே உக்காந்திருந்தேன், அதை இப்போ நெனச்சாலும் சந்தோஷமா இருக்கு.

மொத்தமே ரெண்டு மணி நேரம் சொச்சம். இறங்கும்போது ஜன்னல்ல பச்சை பச்சையா தீவுங்க, ஓரத்துல வெளிர் நீலத்துல தண்ணி. எட்டி எட்டி பார்த்தேன்.

மறுநாள் வெற்றிமலை முருகன் கோயில்ல பாப்பாவை மடியில வச்சு கையை புடிச்சுக்கிட்டேன், ஆசாரி ரெண்டு காதையும் குத்தி முடிச்சார், அவ போட்ட சத்தத்துல அக்காவும் அழுதுட்டா. சாயங்காலம் மாமா, "திரும்ப போறதுக்கு கப்பல் பாக்கட்டுமா மாப்ள"ன்னு கேட்டார். வேணாம் மாமா, றெக்கை பக்கத்துல ஜன்னல் சீட் இருக்கான்னு பாருங்கன்னேன்.