கோச்சி எந்தப் பக்கமா போச்சு?

இலங்கை மலையகத்தில், நானுஓயா ஸ்டேசனில் நான் நின்றுகொண்டிருக்கும்போதே என் கோச்சி, அதாவது ரயில்வண்டி, புறப்பட்டுவிட்டதாகக் கைபேசி சொன்னது. எதிரே தண்டவாளம் மழையில் நனைந்து காலியாகக் கிடந்தது.

நவம்பர் மழை. அப்புத்தளையில் சித்தி வீட்டு விசேஷம். கொழும்பிலிருந்து பதுளைக்குப் போகும் பகல் வண்டியைப் பிடித்தால் சாயந்தரத்துக்குள் போய்விடலாம் என்று கணக்கு. ரயில் நேரம் காட்டும் செயலியைத் திறந்தேன்: இன்னும் 15 நிமிடம். கால் மணி கழித்துப் பார்த்தால் மறுபடியும் 15 நிமிடம். அடுத்த முறை 20. அப்புறம்தான் அந்தப் 'புறப்பட்டது'. அதை நம்பி இரண்டு வெளிநாட்டுப் பிள்ளைகள் த்ரீவீலர் பிடித்து நுவரெலியாவுக்கே போய்விட்டார்கள்.

பெஞ்சில் இரண்டு பைகளோடு உட்கார்ந்திருந்த அம்மா கேட்டார்: "என்னா தம்பி, போன்ல என்னா போட்டிருக்கு?"

"கோச்சி போயிருச்சாம்மா."

"எந்தப் பக்கமா போச்சு?" என்று கேட்டுவிட்டு வெற்றிலையை மடிக்கத் தொடங்கினார்.

ஸ்டேசன் மாஸ்டரிடம் போனேன். "வட்டகொடைப் பக்கம் மண்ணு சரிஞ்சிருக்கு தம்பி. கோச்சி தலவாக்கலையில நிக்குது." எப்போது வரும் என்றதற்கு, "பாதை சரியாகி அங்கருந்து விட்டா சொல்றேன்" என்றார். எங்கே நிற்கிறது என்பது அவருக்குத் தெரியும். எப்போது வரும் என்று மட்டும் கடைசிவரை வாயைத் திறக்கவில்லை. முதலில் எரிச்சலாகத்தான் இருந்தது.

ரம்புக்கனைக்கு மேலே மலையேறுவது ஒற்றைப் பாதை. இரண்டு ஸ்டேசன்களுக்கு நடுவே ஒரு நேரத்தில் ஒரே வண்டிதான் போகலாம். அதற்கு அனுமதியாக டேப்லட் என்ற உலோகத் தட்டை வளையம் வைத்த பையில் போட்டு டிரைவர் கையில் கொடுப்பார்கள். பக்கத்து ஸ்டேசன் சம்மதிக்காமல் அந்தத் தட்டு ஸ்டேசனில் இருக்கும் கருவியை விட்டு வெளியே வராது. ஆக, வண்டியைப் பற்றிய உண்மையான செய்தி இரண்டு மாஸ்டர்களுக்கு நடுவே ஓடுகிற கம்பியில் இருக்கிறது. மண் சரிந்த நாளில் அவர்களுக்குத் தலைக்கு மேல் வேலை. அதை உடனே எடுத்துக் கணினியில் ஏற்ற யாருக்கு நேரம்?

புதுச் செய்தி வராவிட்டால் செயலி கால அட்டவணையைப் பிடித்துக்கொள்ளும். கடைசியாகத் தெரிந்த தாமதத்தைக் கூட்டி, மீதித் தூரத்தை வண்டி வழக்கம்போல் ஓடிவிடும் என்று எண்ணும். தாமதம் கூடியதாகச் செய்தி ஏறியபோதெல்லாம் அந்த 15 நிமிடம் திரும்பி வந்திருக்கும்; செய்தி நின்றுபோனதும் 'புறப்பட்டது' என்று போட்டிருக்கும். பயணிகளின் கைபேசியை வைத்து இடம் பார்க்கலாமே என்றால், சுரங்கத்திலும் பள்ளத்திலும் சிக்னல் செத்துவிடும். இதற்கு மேல் கிராசிங், அதாவது எதிரெதிரே வரும் வண்டிகள் ஒரு ஸ்டேசனில் விலகிக்கொள்வது. பதுளையிலிருந்து இறங்கும் வண்டி வழக்கமாக ஓரிடத்தில் வழிவிடும். மலையேறி வரும் வண்டி தாமதித்தால் அந்த இடமும் மாறும். எந்த ஸ்டேசனில் என்பதை அப்போதைக்கு அப்போதுதான் முடிவு செய்வார்கள். ரத்து என்றும் சட்டென்று அறிவிக்க முடியாது. மண்ணை அள்ளி முடித்தால் வண்டி ஓடுமே.

1885-இல் நானுஓயாவுக்கு வந்த பாதை பதுளையைத் தொட 1924 ஆனதாம். எங்கள் காத்திருப்பு இரண்டே கால் மணிநேரம்தான்.

அறைக்குள் மணி அடித்தது. என் போனில் இன்னும் 'புறப்பட்டது'தான். அம்மா பைகளைத் தூக்கிக்கொண்டு எழுந்துவிட்டார். "ஏறுங்க தம்பி, கூட்டமா வரும்" என்றார். அப்படியே வந்தது, பட்டிப்பொல வரை கதவோரம் நின்றேன். 6,226 அடியில் பாதையின் உச்சியைத் தாண்டி, சுரங்கம் கடந்து, ஓகியாவில் சிக்னல் திரும்பியதும் போன் அதிர்ந்தது: உங்கள் வண்டி இன்னும் 15 நிமிடத்தில் நானுஓயாவுக்கு வரும்.