சவுத் ஸ்டாக்: பாறையும் புதர்வெளியும்

வேல்ஸின் வடமேற்கு மூலையில், ஆங்கிள்சி தீவை ஒட்டிய ஹோலி தீவில் இருக்கிறது சவுத் ஸ்டாக், கடற்பறவைகள் குஞ்சு பொரிக்கக் கூடும் செங்குத்துப் பாறை. ஜூலை பாதிக்குமேல் பறவைகள் கடலுக்குத் திரும்பிவிடும், அங்கே பெரும்பாலும் வெறும் பாறையைத்தான் பார்க்க முடியும் என்பதால் ஜூன் நடுவில் போனேன். ஹோலிஹெட் வரை ரயில், பிறகு நடை.

பறவைகளைப் பார்க்க உதவும் எல்லின் கோபுரத்தை நெருங்கும்போதே பறவைகளின் இரைச்சல் கேட்டுவிடுகிறது. அடுத்து எச்சத்தின் நெடி. எதிர்ப்பாறையின் விளிம்புகளில் கால் வைக்க இடமின்றிக் கில்லிமாட் என்னும் கடற்பறவைகள் நெருக்கியடித்து நிற்கின்றன. எல்லாவற்றையும் எண்ணிக் குறிக்கும் வழக்கத்தை இம்முறை விட்டுவிட்டு, ஸ்கோப்பை (தொலைநோக்கியை) ஒரே விளிம்பின் மீது நிறுத்தி மதியம்வரை அதை மட்டும் பார்த்தேன். காற்றில் முக்காலி நடுங்கியதால் கால்களைச் சுருக்கித் தரையில் உட்கார்ந்துகொண்டேன்; படம் உடனே நிலைத்தது.

கில்லிமாட் கூடு கட்டுவதில்லை. வெறும் பாறையில் ஒரே முட்டை இடும். முட்டைக்கு முட்டை நிறமும் கிறுக்கல்களும் வேறுபடும். அத்தனை நெரிசலிலும் தன் முட்டை எது என்று தாய்க்கும் தந்தைக்கும் தெரிவது அதனால்தான். நான் பார்த்த விளிம்பில் சில முட்டைகள் பொரிந்திருந்தன. மீனோடு வந்திறங்கும் பறவை அண்டை வீட்டாரின் அலகுக் கொத்தல்களைத் தாண்டித் தன் குஞ்சை அடைய வேண்டும். அந்தச் சில அடி தூரத்தைப் பார்ப்பதற்கே அரை நாள் செலவிடலாம்.

கில்லிமாட்டைப் போலவே தோன்றும் ரேசர்பில் என்ற கடற்பறவையைப் பிரித்தறிவதிலும் கொஞ்சம் முன்னேற்றம். கறுத்த முதுகு, குறுக்கே வெள்ளைக் கோடு ஓடும் தடித்த அலகு என்பதெல்லாம் அருகில் இருந்தால் உதவும். தூரத்தில் எனக்குக் கைகொடுத்தது இருப்பிடம்தான்: கில்லிமாட் திறந்த விளிம்பில் கூட்டமாக நிற்கும், ரேசர்பில் இடுக்குகளில் ஒதுங்கி இணையாக இருக்கும். முதலில் இடத்தைப் பார்த்துவிட்டுப் பிறகு அலகைப் பார்த்தேன். பெரும்பாலும் சரியாகவே வந்தது. வந்தவர்கள் எல்லோரும் தேடிய பஃபின் என்ற வண்ண அலகுக் கடற்பறவை இங்கே குறைவு. ஒன்று நீரில் மிதந்தது, அவ்வளவுதான்.

மதியத்துக்குமேல் பாறைக்கு முதுகைக் காட்டிப் புதர்வெளிக்குள் நடந்தேன். பலர் இதை வாகன நிறுத்தத்துக்குப் போகும் வழியாக மட்டுமே கடந்துபோவது எனக்கு வருத்தம். ஹெதர், கோர்ஸ் என்னும் புதர்ச்செடிகள் கடற்காற்றில் முழங்காலுக்குமேல் வளராமல் படர்ந்திருக்கின்றன. உலகில் வேறெங்கும் இல்லாத மஞ்சள் பூச்செடி ஒன்று, ஃப்ளீவொர்ட்டின் கடலோர வகை, இந்தப் பகுதியில்தான் வளர்கிறது. கோர்ஸ் நுனியில் ஸ்டோன்சாட் என்ற சிறு பறவை ஒன்று, கூழாங்கற்களை உரசுவதுபோல் சத்தமிட்டது.

நான் தேடி வந்த சஃப் ஒரு குட்டைப்புல் திட்டில் கிடைத்தது. காக்கை இனம், பளபளக்கும் கருமை, செக்கச்சிவந்த கால்கள், வளைந்த சிவப்பு அலகு. ஒரு குடும்பமே இருந்தது. அலகு இன்னும் சிவக்காத இளம்பறவைகள் கத்திக்கொண்டே பின்தொடர, பெரியவை மண்ணைக் குத்திப் புழுக்களையும் வண்டுகளையும் எடுத்து ஊட்டின. கில்லிமாட்டுக்குப் பாறை போதும், மற்றதைக் கடல் தரும். சஃப்புக்கோ கூடு வைக்கப் பாறைக் குகையும், இரை எடுக்கக் குட்டைப்புல்லும் பக்கத்திலேயே வேண்டும். மேய்ச்சல் நின்றால் புல் உயர்ந்துவிடும். அலகு மண்ணை எட்டாது. இங்கிலாந்தின் தென்மேற்கிலுள்ள கார்ன்வாலில் கடைசி சஃப் 1973-இல் இறந்தது. அங்கே அவை தாமாகத் திரும்பியது 2001-இல். மேய்ச்சல் குறைந்ததும் அந்த இழப்புக்கு ஒரு காரணம். ஆகவே பாறையை மட்டும் காப்பதை நான் பாதி வேலையாகவே கருதுகிறேன்.

அடுத்து ஜூலைத் தொடக்கத்தில் ஒரு மாலை இங்கே வரப்போகிறேன். மூன்று வாரக் கில்லிமாட் குஞ்சுகள், பறக்கும் சிறகு முளைக்கும் முன்பே, அந்தியில் கடலுக்குக் குதிக்கும். தந்தை உடன் நீந்திக் கூட்டிப்போகும். அதைப் பார்க்க இருட்டும்வரை இருக்க வேண்டும் என்பதால் ஹோலிஹெட்டிலேயே இரவு தங்க இடம் பார்த்துவிட்டேன்.