ஃபிளாரன்ஸில் தோல், தங்கம், காகிதம்: எதைப் பார்த்து வாங்குவது

இத்தாலியின் ஃபிளாரன்ஸ் நகரில் கைவினைப் பொருள் வாங்கக் கிளம்புகிறவர் முதலில் புரிந்துகொள்ள வேண்டியது கதவு எண்ணை. ஒரே தெருவில் இரண்டு எண் வரிசைகள் ஓடும். வீடுகளுக்குக் கறுப்பு அல்லது நீலம், கடைகளுக்குச் சிவப்பு. முகவரியில் எண்ணுக்குப் பின்னால் ‘ஆர்’ என்ற எழுத்து ஒட்டியிருந்தால் அது சிவப்பு வரிசை. 5ம் 5ஆரும் பக்கத்துப் பக்கத்தில் இருக்கும் என்று எதிர்பார்க்கக் கூடாது. வரைபடச் செயலியில் அந்த எழுத்தை விட்டுவிட்டுத் தேடினால் யாருடைய வீட்டு வாசலிலோ போய் நிற்க வேண்டியதுதான்.

அடுத்தது நேரம். பெரிய கடைகள் நாள் முழுக்கத் திறந்திருக்கும். சின்னப் பட்டறைகள் அப்படியில்லை. மதியம் 1 மணிக்குக் கதவைச் சாத்தினால் மூன்று, மூன்றரைக்குத்தான் திறப்பார்கள். திங்கள் காலை பல கடைகள் திறப்பதே இல்லை. ஆகஸ்ட் 15 இத்தாலியில் பெரிய விடுமுறை. அதைச் சுற்றி இரண்டு மூன்று வாரம் பட்டறைக்காரர்கள் ஊரிலேயே இருக்க மாட்டார்கள். செவ்வாய் முதல் வெள்ளி வரை, காலை பத்து மணிக்கு மேல் போனால் வேலை நடப்பதையும் பார்க்கலாம், நிதானமாகப் பேசவும் ஆள் கிடைக்கும்.

ஃபிளாரன்ஸ் என்றதும் எல்லோரும் கேட்பது தோல். சான் லொரென்சோ சந்தைக் கட்டடத்தைச் சுற்றிய தெருக்கடைகள்தான் பெரும்பாலோர் கண்ணில் முதலில் படும். 1874இல் திறந்த அந்த இரும்புக் கூரைக் கட்டடத்துக்குள் சாப்பாட்டுப் பொருள்கள், வெளியே பை, பெல்ட், ஜாக்கெட். எல்லாமே மோசம் என்று சொல்ல முடியாது. ஆனால் ஒரே மாதிரிப் பை பத்துத் தள்ளுவண்டியில் தொங்குகிறதென்றால் அது பக்கத்துப் பட்டறையில் செய்ததாக இருக்க வழியில்லை. இங்கே பேரம் பேசலாம். கதவும் கண்ணாடியும் உள்ள கடைகளில் பேரத்துக்கு இடமில்லை. இரண்டு மூன்று பொருள் சேர்த்து எடுத்தால் கொஞ்சம் குறைப்பார்கள், அவ்வளவுதான்.

தெருக்கடைக்காரர்கள் சிலர் லைட்டரைப் பற்றவைத்து ஜாக்கெட்டின்மேல் காட்டுவார்கள், ‘பாருங்கள், எரியவில்லை, அசல் தோல்’ என்று. அதை நம்பி எந்த முடிவுக்கும் வர முடியாது. ஓரிரு நொடிச் சுடரைத் தாங்கும் செயற்கைப் பொருள்கள் இருக்கின்றன. உண்மையிலேயே தோலாக இருந்தாலும் அது தோலின் எந்த அடுக்கு என்பதைச் சுடர் சொல்லாது. கவனிக்க வேண்டியது அந்த அடுக்கைத்தான்.

மாட்டுத்தோல் தடிமனாக இருப்பதால் அதைக் கிடைமட்டமாகப் பிளப்பார்கள். மேலடுக்கில் மயிர்க்கால் துளைகளும் இயற்கையான ரேகைகளும் இருக்கும், வலுவும் அங்கேதான். அதற்கு ஃபியோரே என்று பெயர். கீழடுக்கு குரோஸ்தா. அதன்மேல் பாலியுரித்தேன் என்ற பிளாஸ்டிக்கைப் பூசி, ரேகை அச்சடித்தால் பார்வைக்கு மேலடுக்குபோலவே இருக்கும். இத்தாலியில் 2020 முதல் நடப்பிலுள்ள சட்டப்படி விலங்குத் தோல் அல்லாத எதற்கும் பெல்லே, கொயோ (இரண்டுக்கும் தோல் என்றே பொருள்) என்ற பெயரைப் போடக் கூடாது. அதனால் ‘வேரா பெல்லே’, அதாவது அசல் தோல், என்ற சீட்டைக் கண்டால் அது பிளாஸ்டிக் அல்ல என்று நம்பலாம். நல்ல தோல் என்று நம்ப அந்தச் சீட்டு போதாது. பையின் முகப்பு ஃபியோரேயா என்று நேராகவே கேளுங்கள். தெரிந்த விற்பனையாளர் தயங்காமல் பதில் சொல்வார்.

கேட்டதோடு விடாமல் கையாலும் பார்க்க வேண்டும். முதலில் வெட்டு விளிம்பு. பெல்ட்டின் ஓரம், பட்டையின் துளை, உள்பையின் மூலை என்று வெட்டு தெரிகிற இடம் எங்கேயாவது இருக்கும். நார்நாராக, நெருக்கமாக இருந்தால் நல்லது. மேலே தனியாக ஒரு படலம் பிரிந்து தெரிந்தால் அது பூச்சு. அடுத்து, பரப்பைக் கட்டைவிரலால் அழுத்துங்கள். மேலடுக்குத் தோலில் மெல்லிய சுருக்கங்கள் விரலைச் சுற்றிப் பரவி, எடுத்ததும் மறையும். கனத்த பூச்சு உள்ளதில் சுருக்கமே விழாது, அல்லது மடித்த இடத்தில் ஒரே நேர்கோடு நிற்கும். அந்தக் கோட்டில்தான் ஒன்றிரண்டு வருடத்தில் பூச்சு வெடித்து உரியத் தொடங்கும். மோப்பத்தை மட்டும் நம்ப வேண்டாம், வாசனையையும் தெளிக்கிறார்கள்.

தையலில் பார்க்க வேண்டியது கைப்பிடி பையோடு சேரும் இடம். பை அறுவது அங்கேதான். இரட்டைத் தையலோ உள்ளே வலுவூட்டிய துண்டோ இருக்கிறதா பாருங்கள். இரண்டு ஊசிகொண்டு கையால் போட்ட தையலில் ஒரு கண்ணி அறுந்தாலும் மற்றவை நிற்கும். மெஷின் தையல் ஒரு கண்ணி போனால் கொஞ்சம் கொஞ்சமாகப் பிரிந்து வரும். பிறகு கொக்கி, வளையம். பித்தளை கனக்கும், துருப்பிடிக்காது. துத்தநாகக் கலவையில் வார்த்து முலாம் பூசியவை லேசாக இருக்கும், தேய்ந்தால் உள்ளே சாம்பல் நிறம் தெரியும். ஜிப்பை முழுக்கத் திறந்து மூடிப் பாருங்கள், முக்கியமாக வளைவுகளில். லைனிங்கை வெளியே இழுத்துப் பார்க்கக் கூச்சப்பட வேண்டாம். பசையால் மட்டும் ஒட்டியிருந்தால் அங்கேயே தெரிந்துவிடும்.

தோலைப் பதனிடுவதில் இரண்டு வழி உண்டு. மரப்பட்டை, மரச்சாறுகளில் வாரக்கணக்கில் ஊறவைப்பது ஒன்று. குரோமிய உப்பில் சில நாளில் முடிப்பது மற்றொன்று. ஃபிளாரன்ஸ் இருக்கும் டஸ்கனி மாநிலத்தின் பெருமை முதலாவதில் இருக்கிறது. ஃபிளாரன்ஸுக்கும் பீசாவுக்கும் நடுவில் சாந்தா குரோச்சே சுல்லார்னோ என்ற ஊரைச் சுற்றித்தான் பதனிடும் ஆலைகள். (நகருக்குள் இருக்கும் சாந்தா குரோச்சே தேவாலயத்தோடு குழப்பிக்கொள்ள வேண்டாம்.) அந்த ஆலைகளின் கூட்டமைப்பு வரிசை எண் அச்சிட்ட உத்தரவாதச் சீட்டு ஒன்றைத் தருகிறது, பையின் உள்ளே இருக்கிறதா பாருங்கள்.

மரச்சாற்றுத் தோல் என்றால் எல்லாவற்றுக்கும் உயர்ந்தது என்று விற்கிறார்கள். அது சரியல்ல. பெல்ட், பர்ஸ், விறைப்பாக நிற்க வேண்டிய பை ஆகியவற்றுக்கு அதுதான் சிறந்தது. நாளாக நாளாக நிறம் கூடி மெருகேறும். ஆனால் கனம் அதிகம், மழைத்துளி பட்டால் கறை விழும், நகம் பட்டால் கோடு விழும், வெளிர்நிற உடையில் சாயம் ஒட்டவும் செய்யும். ஜாக்கெட்டுக்கும் கையுறைக்கும் மென்மைதான் முக்கியம். அங்கே குரோமியத்தில் பதனிட்ட ஆட்டுக்குட்டித் தோல் வாங்குவதில் குறையே இல்லை.

ஜாக்கெட் எடுப்பதானால் தோள்பட்டையை மட்டும் பாருங்கள். கை நீளத்தைக் குறைக்கலாம், பக்கவாட்டில் பிடிக்கலாம், தோளை மாற்ற முடியாது. தையல் கோடு தோள் எலும்பின் முனையில் நிற்க வேண்டும். பொத்தானைப் போட்டுக்கொண்டு இரண்டு கையையும் முன்னால் நீட்டுங்கள். முதுகில் கொஞ்சம் இறுக்கினால் பரவாயில்லை, தோல் பழகிக் கொடுக்கும். புதிதிலேயே தளர்வாக இருப்பதை எடுத்தால் ஆறு மாதத்தில் பை மாதிரி தொங்கும். விலை 200 யூரோவுக்குக் கீழே என்றால் தோலிலோ லைனிங்கிலோ எங்கோ கழித்திருக்கிறார்கள் என்றே எடுத்துக்கொள்வேன்.

செய்வதைக் கண்ணால் பார்த்து வாங்க வேண்டும் என்பவர்கள் சாந்தா குரோச்சே தேவாலயத்தின் பின்னால் உள்ள ஸ்குவோலா தெல் கொயோவுக்குப் போகலாம். வாசல் வியா சான் ஜுசெப்பே 5ஆர். இரண்டாம் உலகப் போரில் பெற்றோரை இழந்த பிள்ளைகளுக்குத் தொழில் கற்றுத்தர பிரான்சிஸ்கன் துறவிகளும் தோல் தொழில் குடும்பங்களும் சேர்ந்து தொடங்கிய பள்ளி அது. மேசையில் தோலை வெட்டுவதையும் தங்கத் தாளால் எழுத்துப் பொறிப்பதையும் அருகில் நின்று பார்க்கலாம். விலை குறைவில்லை. சின்னப் பொருளாக எடுத்து அதில் பெயரெழுத்துப் பொறித்துத் தரச் சொல்வது என் கணக்கில் நல்ல வழி.

ஆர்னோ ஆற்றுக்கு அக்கரையில், ஓல்த்ரார்னோவில், சாந்தோ ஸ்பிரிதோ, சான் ஃப்ரெதியானோ பகுதிகளின் சந்துகளில் பட்டறைகள் இன்னும் இருக்கின்றன. அளவெடுத்துச் செய்யும் காலணிக்காரர்களும் அங்கே உண்டு. முதல் ஜோடிக்கு உங்கள் காலுக்கென்று மரஅச்சு செதுக்க வேண்டும் என்பதால் மாதக்கணக்கில் ஆகும், விலையும் அதற்கேற்றபடி. சுற்றுலாவின் கடைசி நாளில் போய்க் கேட்டுப் பயனில்லை. தயார்க் காலணி வாங்குகிறவர்கள் அடியில் உள்ள குறிகளைப் பாருங்கள்: விரித்த தோல் வடிவம் என்றால் தோல், பின்னல் என்றால் துணி, வெறும் சாய்சதுரம் என்றால் வேறு பொருள். தோல் வடிவத்துக்குள்ளேயே சாய்சதுரம் இருந்தால் பூச்சிட்ட தோல். மேற்புறம், உள்புறம், அடி மூன்றுக்கும் தனித்தனியாகக் குறி இருக்கும்.

கையுறை பெரிதாகப் பேசப்படுவதில்லை, ஆனால் கொடுத்த காசுக்கு ஃபிளாரன்ஸில் கிடைக்கும் உருப்படியான பொருள் அதுதான். கட்டைவிரலை விட்டுவிட்டு, உள்ளங்கையின் அகலமான இடத்தில் நாடாவைச் சுற்றி அளவு சொல்வார்கள். ஆறரை, ஏழு என்று அரை அரையாக ஏறும். போந்தே வெக்கியோ பாலத்தை ஒட்டி 1919 முதல் நடக்கும் மதோவா கடையில் முழங்கையைச் சின்ன மெத்தையில் ஊன்றச் சொல்லி அவர்களே மாட்டிவிடுவார்கள். முதல் தடவை இறுக்கமாக இருக்க வேண்டும். விரல் நுனியில் காற்று நின்றால் ஒரு அளவு குறையுங்கள்.

பாலத்தின்மேல் தங்கக் கடைகள். முன்பு அங்கே இறைச்சிக் கடைகள் இருந்தன. 1593இல் டஸ்கனியை ஆண்ட முதலாம் ஃபெர்தினாந்தோ அவற்றை அகற்றிப் பொற்கொல்லர்களைக் குடியேற்றினார். அங்கே விற்பது பெரும்பாலும் 18 கேரட், முத்திரை 750. 22 கேரட்டுக்குப் பழகிய கண்ணுக்கு நிறம் சற்று வெளிறித் தெரியும். செய்கூலி, சேதாரம் என்று தனிக் கணக்கு கிடையாது, ஒரே விலை. எடையைப் பார்த்து வாங்குகிறவர்களுக்கு அதனால் ஃபிளாரன்ஸ் நகை கட்டுப்படியாகாது. வேலைப்பாட்டுக்காக வாங்குவதென்றால், உளியால் நுணுக்கமாகச் செதுக்கி வலைபோலத் துளையிட்ட வேலைதான் இந்த ஊருக்கே உரியது. உட்புறத்தில் 750க்குப் பக்கத்தில் நட்சத்திரமும் ஓர் எண்ணும் மாகாண எழுத்துகளும் இருக்கும்: எஃப்ஐ என்றால் ஃபிளாரன்ஸ், ஏஆர் என்றால் அரெத்சோ. அரெத்சோ பெரிய அளவில் நகை தயாரிக்கும் ஊர். பாலத்தில் விற்பதெல்லாம் பாலத்தில் செய்ததில்லை என்று அந்த இரண்டு எழுத்தே காட்டிக்கொடுத்துவிடும்.

மார்பிள் காகிதம் இலேசு, உடையாது, பெட்டியில் இடம் பிடிக்காது. கெட்டியாக்கிய நீரின்மேல் சாயத்தைத் தெளித்து, சீப்பால் கோடிழுத்து, தாளை ஒருமுறை படியவைத்து எடுப்பது. அதனால் இரண்டு தாள் ஒன்றுபோல் அமையவே அமையாது. கடையில் ஒரே வடிவத்தில் இரண்டு தாளை எடுத்து ஒரே மூலையை ஒப்பிடுங்கள். அச்சாகப் பொருந்தினால் அச்சகத்தில் அடித்தது. அச்சடித்ததும் அழகுதான், விலைதான் பாதிக்கும் கீழே இருக்க வேண்டும். 1856இல் தொடங்கிய ஜன்னீனி கடையில் இரண்டும் கிடைக்கும். தாளை மடிக்கச் சொல்லாதீர்கள், உருளைக் குழாயில் சுருட்டித் தரச் சொல்லுங்கள்.

பட்டுக்கு 1786 முதல் நடக்கும் அந்தீகோ செத்திஃபீச்சோ இருக்கிறது. லியோனார்தோ தா வின்சியின் வரைபடத்தை ஒட்டிச் செய்த பாவு ஓட்டும் எந்திரம் அங்கே. போகும்முன் நேரம் கேட்டு வையுங்கள். வாசனைப் பொருளுக்கு சாந்தா மரியா நோவெல்லா மருந்தகம். கூட்டம் பார்க்க வருவது, ஆனாலும் சோப்பு நன்றாகவே இருக்கும்.

உடையில் பெரிய பெயர்களெல்லாம் வியா தே தொர்னபுவோனியில். மலிவாக வேண்டுமானால் செவ்வாய் காலை கஷீனே பூங்காவில் கூடும் சந்தை. மதியம் 2 மணிக்குள் கலைந்துவிடும். அளவில் ஏமாறுவது எளிது: இத்தாலியப் பெண்கள் அளவு 42 என்பது பிரான்சில் 38, ஜெர்மனியில் 36. தள்ளுபடிக் காலம் ஜனவரி முதல் வாரத்திலும் ஜூலை முதல் சனிக்கிழமையிலும் தொடங்கும். சீட்டில் பழைய விலையும் சதவீதமும் இருக்க வேண்டும். முதல் வாரத்தில் அளவு கிடைக்கும், மூன்றாவது வாரத்தில் விலை இன்னும் இறங்கும்.

‘மேட் இன் இத்தாலி’ என்ற சீட்டுக்குக் கடைசி முக்கிய வேலை இத்தாலியில் நடந்திருந்தாலே போதும். வடிவமைப்பு முதல் பொட்டலம் வரை எல்லாம் அங்கேயே என்றால்தான் ‘நூறு சதவீதம்’ என்று போட முடியும். நடைபாதையில் துணி விரித்து விற்கும் பிராண்டுப் பைகளைத் தொடவே வேண்டாம். போலிப் பொருளை வாங்குபவருக்கும் 7,000 யூரோ வரை அபராதம் உண்டு.

பிடிக்கவில்லை என்று கடையில் திருப்பிக் கொடுக்கும் உரிமை சட்டத்தில் இல்லை. மாற்றித் தருவது கடைக்காரரின் பெருந்தன்மை. பழுது இருந்தால் இரண்டு வருட உத்தரவாதம் உண்டு, அதற்கு ரசீது வேண்டும். கார்டு எந்திரம் எந்த நாணயத்தில் கட்ட வேண்டும் என்று கேட்டால் யூரோவையே தேர்ந்தெடுங்கள்.

ஐரோப்பிய ஒன்றியத்துக்கு வெளியே வசிப்பவர்கள் ஒரு கடையில் 70 யூரோவுக்கு மேல் வாங்கினால் வரி திரும்பக் கிடைக்கும். 2024 பிப்ரவரிக்கு முன் வரம்பு 154.94 யூரோ. வரி 22 சதவீதம் என்றாலும் அது சீட்டு விலைக்குள்ளேயே அடங்கியிருப்பதால் விலையில் 18 சதவீதம்தான் ஆகிறது. வரியைத் திருப்பி வாங்கித் தரும் இடைத்தரகு நிறுவனத்தின் கட்டணம் போகக் கைக்கு வருவது 12ஐ ஒட்டி நிற்கும். பணம் கொடுக்கும் முன்பே கடவுச்சீட்டைக் காட்டிப் படிவம் கேட்க வேண்டும், பிறகு கேட்டால் தர மாட்டார்கள். பொருளைப் பயன்படுத்தாமல், சீட்டோடு வைத்திருங்கள். வாங்கிய மாதத்துக்குப் பின் மூன்று மாதத்துக்குள் ஒன்றியத்தை விட்டுப் பொருளும் நீங்களும் வெளியேற வேண்டும். சுங்க முத்திரை ஒன்றியத்தின் கடைசி விமான நிலையத்தில். பெட்டியை இத்தாலியிலேயே இறுதி ஊர் வரை பதிந்துவிட்டால் அதிலுள்ள பொருளுக்கு அங்கேயே முடித்துக்கொள்ளலாம். கைப்பையில் உள்ளதற்கு விமானம் மாறும் நிலையத்தில். பெட்டியை அனுப்பிவிட்டுப் படிவத்தோடு வரிசையில் நிற்பவர்களுக்குத்தான் முத்திரை கிடைக்காமல் போகிறது, அதிகாரி பொருளைக் காட்டச் சொல்லும்போது பெட்டி உள்ளே போயிருக்கும்.