பத்துக்கு ஏழு

மலருக்கு ஏதாவது எழுதித் தாருங்கள் என்று கேட்ட எங்கள் பள்ளிக்கூடத்துப் பழைய மாணவர் சங்கச் செயலாளர், கூடவே ஒரு நிபந்தனையும் போட்டார். கிரிக்கெட் வேண்டாமாம், நாலு பேர் ஏற்கெனவே எழுதிக் கொடுத்துவிட்டார்களாம். நல்லதாய்ப் போயிற்று. மைதானத்தில் நான் செய்ததெல்லாம் வேலிக்கு அப்பால் போன பந்தைத் தேடி எடுத்து எறிந்ததுதான். விடுதி ரேடியோ என்றால் கதை வேறு. அதில் எனக்குப் பத்துக்கு ஏழு புள்ளி கிடைத்திருக்கிறது.

1974ஆம் ஆண்டு. உயர்தர வகுப்பில் கொமர்ஸ் படித்துக்கொண்டிருந்தோம். விடுதியில் இருந்தது ஒரேயொரு ட்ரான்சிஸ்டர். பற்றரி தீர்ந்தால் ஆளுக்குக் கொஞ்சம் சில்லறை போட்டு வாங்குவோம். பழையதை வெயிலில் காயவைத்து இன்னும் இரண்டு நாள் ஓட்டுகிற வித்தையும் தெரியும். ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் சோறு முடிந்ததும் அதைச் சாப்பாட்டு மண்டபத்து ஜன்னலில் வைத்து, இலங்கை வானொலியின் வர்த்தக சேவையைத் திருப்பிவிடுவோம். கே. எஸ். ராஜா மூச்சு விடாமல் பேசுவார். பி. எச். அப்துல் ஹமீத் ஒவ்வொரு எழுத்துக்கும் உரிய மரியாதையைக் கொடுத்து உச்சரிப்பார். எங்களுக்குள் ராஜா கட்சி, ஹமீத் கட்சி என்று இரண்டு இருந்தன. ஒருமுறை அது வாழைப்பழத் தோல் எறிகிற அளவுக்குப் போனது.

அப்படி ஒரு ஞாயிறு கொமர்ஸ் மாஸ்டர் உள்ளே வந்தார். கலியாணமாகாதவர், விடுதியிலேயே ஓர் அறையில் இருந்தார். ரேடியோவை நிறுத்தக் கை நீட்டியவனைத் தடுத்தார்.

“நிப்பாட்ட வேண்டாம். கொப்பியும் பென்சிலும் எடுங்கோ. அடுத்த கால் மணித்தியாலத்திலை பாட்டு எத்தினை நிமிசம், பேச்சு எத்தினை நிமிசம், கடையின்ரை பேர் எத்தினை தரம். ஒண்டும் விடாமல் எழுதவேணும்.”

ஒரு துணிக்கடை வழங்கிய பதினைந்து நிமிட நிகழ்ச்சி அது. மூன்று பாட்டு, அதிலும் கடைசிப் பாட்டு சரணத்தோடு அறுந்தது. கடையின் பெயர் பதினொரு தரம். நேரம் முடிந்ததும் மாஸ்டர் கேட்டார்: “இதுக்கெல்லாம் காசு ஆர் குடுக்கிறது?”

அரசாங்கம் என்றான் ஒருவன். பாட்டுப் பாடினவர்கள் என்றான் இன்னொருவன். எனக்கு அந்தக் கேள்வியே புதிது. மழைக்கு யார் காசு கொடுக்கிறார்கள் என்று கேட்ட மாதிரி இருந்தது.

“சுன்னாகம் சந்தையிலை வாழைக்குலை விலை பேசிறதைப் பாத்திருக்கிறியள்தானே? கொழும்பிலை உங்கட காதை அப்பிடித்தான் விலை பேசிறாங்கள். ஞாயிறு மத்தியானக் காதுக்கு விலை கூட. விடியப்புறக் காதுக்குக் குறைவு.”

அந்தப் பதினைந்து நிமிடத்துக்குக் கணக்கு எழுதிக்கொண்டு வரச் சொன்னார். யார் கொடுத்தார், யார் வாங்கினார். நான் கடையை ஒரு பக்கமும் வானொலியை மறுபக்கமும் போட்டு, அறிவிப்பாளர் சம்பளம், இசைத்தட்டுச் செலவு, மின்சாரம் எல்லாம் யோசித்து யோசித்து எழுதினேன். கொப்பி திரும்பி வந்தபோது சிவப்பு மையில் இருந்தது: “10க்கு 7. இடையில் நிற்கிறவனின் பங்கு எங்கே?”

விளம்பர ஏஜென்சி என்று ஒன்று இருப்பதே அப்போதுதான் தெரியும். கடைக்காரர் நேராக வானொலி நிலையத்துக்குப் போவதில்லை; ஏஜென்சிதான் நேரத்தை வாங்கிக் கொடுத்து, வழக்கமாக நூற்றுக்குப் பதினைந்து கமிஷன் எடுத்துக்கொள்ளும். “காசு ஒரு கையிலையிருந்து நேரா மற்றக் கைக்குப் போகாது. நடுவிலை ஒரு கை இருக்கும். அதைக் கண்டுபிடிக்கிறதுக்குப் பேர்தான் கொமர்ஸ்.”

பிறகு அவர் நடத்திய பாடம் எந்தப் பாடத்திட்டத்திலும் இருந்திராது. வர்த்தக சேவை தொடங்கியது 1950 செப்டெம்பர் 30. இரண்டு வருடம் கழித்து, இந்தியாவில் ஒலிபரப்பு அமைச்சராக வந்த பி. வி. கேஸ்கர், சினிமாப் பாட்டு ரசனையைக் கெடுக்கிறது என்று அகில இந்திய வானொலியில் அதற்கு இடமில்லாமல் செய்துவிட்டார். கேட்டுப் பழகியவர்கள் சும்மா இருப்பார்களா? முள்ளைத் திருப்பினார்கள், கொழும்பு அகப்பட்டது. காது போன இடத்துக்குக் காசும் போனது. பம்பாயில் நிகழ்ச்சியை ஒலிப்பதிவு செய்து, நாடாவை விமானத்தில் கொழும்புக்கு அனுப்பி, கொழும்பு அதை வான்வழியாகத் திரும்ப இந்தியாவுக்கே அனுப்பியது. இந்தியா விழித்துக்கொண்டு 1957 ஒக்டோபரில் விவித பாரதியைத் தொடங்கியது. ஆனால் அதில் விளம்பரம் எடுக்க 1967 வரை பொறுத்தார்கள். “ஒரு மந்திரியின்ரை நல்ல ரசனையாலை எங்கட நாட்டுக்கு வந்த வரும்படி” என்று சொல்லி மாஸ்டர் சிரித்தார். அவர் சிரித்து நான் பார்த்த சில தடவைகளில் அது ஒன்று.

யாழ்ப்பாணத்தில் இருந்த எங்களுக்கு இதில் நட்டமே இல்லை. காலையில் திருச்சி நிலையத்தின் கச்சேரி கேட்கும், மத்தியானம் கொழும்பின் சினிமாப் பாட்டு. படம்தான் கஷ்டம். 1972இல் அரச திரைப்படக் கூட்டுத்தாபனம் வந்து, இறக்குமதியும் விநியோகமும் அதன் கைக்குப் போயின. அந்நியச் செலாவணித் தட்டுப்பாடு வேறு. தமிழ்நாட்டில் ஓடி ஓய்ந்த படம்தான் எங்கள் வின்சருக்கும் ராணிக்கும் மனோகராவுக்கும் வரும். பாட்டு எல்லாம் மனப்பாடமான பிறகு படத்தைப் பார்க்கிற பாக்கியம் எங்கள் தலைமுறைக்குக் கிடைத்தது.

இவ்வளவு சொன்ன மாஸ்டர் ஒன்றை மட்டும் சொல்லவில்லை. இத்தனை சின்னத் தீவுக்கு, இந்தியா முழுவதும் கேட்கிற ஒலிபரப்பி எப்படி வந்தது? அது எனக்குத் தெரியவந்தது சிங்கப்பூரில்.

1978இல் மாமாவின் தயவில் இங்கே வந்தேன். முதல் வாரமே அவர் ஊர் காட்டக் கூட்டிப் போன இடங்களில் ஒன்று கேத்தே கட்டடம். டோபி காட் பக்கம் 1939இல் கட்டியது, குளிரூட்டிய தியேட்டரோடு. 1943 ஒக்டோபர் 21இல் நேதாஜி சுதந்திர இந்திய அரசைப் பிரகடனம் செய்ததும் அங்கேதான் என்று மாமா சொன்னபோது அவர் குரலே மாறிவிட்டது. அவரை அப்படியே விட்டுவிட்டு நான் பிறகு தேடிப் படித்தது வேறு. யுத்தம் முடிந்ததும் மவுண்ட்பேட்டனின் தென்கிழக்காசியப் படைத்தலைமை அந்தக் கட்டடத்தில்தான் குடியேறியது. அதற்கு முன் கண்டியில் இருந்தது. தன் படையினருக்குச் செய்தியும் பாட்டும் சேர்க்க அந்தப் படைத்தலைமை இலங்கையில் ஒரு வானொலி நடத்தியது. அதற்காக ஏக்கலையில் 100 கிலோவாட் சிற்றலை ஒலிபரப்பி நிறுவியது. யுத்தம் போய்விட்டது, ஒலிபரப்பி தங்கிவிட்டது. அதுதான் இலங்கை வானொலியின் கைக்கு வந்தது. ராணுவத்துக்கு வாங்கிய சாமானில் துணிக்கடைக்காரர் பதினொரு தரம் பேர் சொன்னார். கேத்தேயின் பழைய முகப்பு இன்னும் நிற்கிறது. அந்தப் பக்கம் போகிற போதெல்லாம் எனக்கு விடுதி ஜன்னல்தான் ஞாபகம் வரும்.

மாமா என்னை பாலஸ்டியர் ரோட்டில் உள்ள சிலோன் ஸ்போர்ட்ஸ் கிளப்புக்கும் கூட்டிப் போனார். அங்கிருந்து நடக்கிற தூரத்தில் ஜாலான் அம்பாஸ். ஷா சகோதரர்களின் மலாய்ப் பட ஸ்டூடியோ அங்கேதான் இருந்தது. நான் வரும்போது மூடிப் பதினொரு வருடம். 1967 வரை அங்கே எடுத்த படங்கள் நூற்றைம்பதுக்கு மேல். மலாய்ப் படம், சீன முதலாளி, இயக்குநர்களில் பலர் இந்தியாவிலிருந்து வந்தவர்கள். மலாய்த் திரை நட்சத்திரம் பி. ரம்லி முதன்முதல் கதாநாயகனாக நடித்த 1950ஆம் ஆண்டுப் படத்தை இயக்கியவர் எல். கிருஷ்ணன், சென்னை மாகாணத்தில் பிறந்து சிறு வயதில் பினாங்குக்கு வந்த நம்மாள். நடிகர்களுக்கு மாதச் சம்பளம். படம் எடுப்பதும் ஷா, காட்டுகிற தியேட்டரும் ஷா, ஜாலான் புசார் பக்கம் இருந்த நியூ வேர்ல்ட் கேளிக்கைப் பூங்காவிலும் ஷாவுக்குப் பங்கு. இடையில் நிற்கிறவனே இல்லாத வியாபாரம் இதுதான் என்று நினைத்துக்கொண்டேன். மாஸ்டரிடம் சொல்லவேண்டும் என்றும் நினைத்தேன்.

எனக்குக் கிடைத்த வேலையோ, நடுக்கையின் வேலைதான். சென்னையிலிருந்து தமிழ்ப் படப் பிரதிகளை வாங்கி இங்கே தியேட்டர்களுக்குக் கொடுக்கிற ஒரு சிறு நிறுவனத்தில் கணக்கெழுத்தர். முதல் நாள் திறந்த பேரேட்டில் ‘எஃப். எம். எஸ். உரிமை’ என்று எழுதியிருந்தது. அந்த மூன்றெழுத்தைப் பார்த்ததும் எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. சினிமாக்காரர்கள் அதை வெளிநாடு, மலேசியா, சிங்கப்பூர் என்று விரிப்பார்கள். எங்கள் வீட்டில் எஃப். எம். எஸ். என்றால் ஐக்கிய மலாய் மாநிலங்கள்; அம்மப்பா வேலை பார்த்த ரயில்வே. அவர் மலாயன் பென்சனியர். எங்கள் ஒழுங்கையில் முதல் ரேடியோ வாங்கியவர். வால்வு ரேடியோ, சூடேறிப் பேசுவதற்குள் சுருட்டுப் பற்றவைத்துவிடலாம். தஞ்சோங் பகார் ரயில் நிலையத்தின் முகப்பில் நாலு பெரிய சிலைகள் உண்டு: விவசாயம், வணிகம், போக்குவரத்து, தொழில். கூடவே எஃப், எம், எஸ், ஆர் என்ற நாலு எழுத்து. 1932இல் திறந்தது. அம்மப்பா அந்த எழுத்துக்குக் கீழே நடந்திருப்பார். வேடிக்கை என்னவென்றால், சிங்கப்பூர் அந்த மாநிலங்களில் ஒருபோதும் சேர்ந்ததில்லை; நீரிணைக் குடியேற்றங்களில் ஒன்று அது. ரயில் சேர்த்துக்கொண்டது.

சரி, வேலைக்கு வருகிறேன். படத்தை மொத்த விலைக்கு வாங்கலாம், அல்லது குறைந்தபட்ச உத்தரவாதத் தொகை கொடுத்து மேலே வருவதில் பங்கு பிரிக்கலாம். பங்கு என்றால் எண்ண வேண்டும். வெள்ளி, சனி, ஞாயிறு இரவுகளில் நான் தியேட்டர் வாசலில் நின்று ரிக்கற் அடிக்கட்டைகளை எண்ணுவேன். தியேட்டர்காரர் தரும் தாளில் ஒரு தொகை இருக்கும், என் எண்ணிக்கையில் வேறொன்று இருக்கும். இலவச ரிக்கற் என்பார்கள். இத்தனை இலவச உறவினர்கள் ஒரு மனிதருக்கு இருக்க முடியுமா என்று யோசிப்பேன்.

ஒரே பிரதியை இரண்டு தியேட்டரில் ஓட்டுவதும் உண்டு. ஒரு ரீல் 1,000 அடி, ஓட 11 நிமிடம். தமிழ்ப் படம் என்றால் பதினைந்து பதினாறு ரீல். ஒரு தியேட்டரில் ஓடி முடிந்த ரீலைத் தகரப் பெட்டியில் போட்டு அடுத்த தியேட்டருக்கு ஓடவேண்டும். ஒரு மழை இரவு ஒன்பதாவது ரீலோடு நான் டாக்ஸியில் சிராங்கூன் ரோட்டில் மாட்டிக்கொண்டேன். அங்கே இடைவேளை நாற்பது நிமிடம் நீண்டது. ஈரத்தோடு ஓடிப் போய்ச் சேர்ந்தபோது, முதலாளி திட்டுவதற்கு முன் கச்சாங் பூத்தே விற்கிற அண்ணன் என் கையில் ஒரு கடலைப் பொட்டலத்தை வைத்தார். அன்று இரண்டு தட்டும் காலியாம். காசு வாங்கவில்லை.

வீடியோ கேசட் வந்ததும் இந்த ஓட்டம் எல்லாம் நின்றது. தேக்காவில் கடைக்குக் கடை கேசட். வாடகைக்கு எடுத்து, விருந்தாளிகளையும் கூப்பிட்டு ஒரு குடும்பமே பார்க்கும். அதற்கு அடிக்கட்டை ஏது? உரிமை வாங்காமல் பிரதி எடுத்தவர்களோடு எங்கள் முதலாளி கொஞ்ச காலம் மல்லுக்கட்டிவிட்டு மளிகைக்கு மாறினார். நானும் வேறு கணக்கெழுதப் போனேன்.

1982இல், அதாவது ரீல் ஓட்டம் நடந்துகொண்டிருந்த காலத்திலேயே, லீவில் ஊருக்குப் போயிருந்தேன். மாஸ்டர் ஓய்வு பெற்று, முற்றத்தில் சாய்மனைக் கதிரையில் இருந்தார். பக்கத்தில் ட்ரான்சிஸ்டர், ஆனால் பேசவில்லை. சிங்கப்பூரில் ரேடியோவுக்குக் காசு யார் கொடுக்கிறது என்றுதான் முதல் கேள்வி. கால்டிகாட் குன்றிலிருந்து வருகிற அரசாங்க வானொலிக்கு லைசென்ஸ் கட்டணமும் உண்டு, விளம்பரமும் உண்டு என்றேன். (அந்தக் கட்டணத்தை 2011இல்தான் எடுத்தார்கள், அப்போது வீட்டுத் தொலைக்காட்சிக்கு ஆண்டுக்கு 110 வெள்ளி, கார் ரேடியோவுக்கு 27 வெள்ளி.) ரீடிஃபியூஷன் என்று இன்னொன்று 1949இலிருந்து இருக்கிறது, வீட்டுக்குக் கம்பி இழுத்துப் பெட்டி தருவார்கள், மாதம் ஐந்து வெள்ளி என்றேன். கோப்பிக்கடைகளில் சீனக் கிழவர்கள் கதை கேட்க அதைச் சுற்றி உட்கார்ந்திருந்த காலத்தையும், அந்த வட்டாரமொழி நிகழ்ச்சிகளை இப்போது நிறுத்திவிட்டார்கள் என்பதையும் சொன்னேன்.

மாஸ்டர் நிமிர்ந்து உட்கார்ந்தார். “கேக்கிறவனே காசு குடுக்கிறானோ! அப்ப கதையை நிப்பாட்டினால் கிழவன் ஏன் குடுக்கப்போறான்? கம்பியைக் கழட்டச் சொல்லுவான்.” அப்படித்தான் நடந்தது. லட்சத்துக்கு மேல் இருந்த சந்தாதாரர்கள் கரைந்து கரைந்து, 2012இல் அது வாயை மூடிக்கொண்டது.

அப்புறம் என் வேலையைக் கேட்டார். சொன்னேன். சென்னையில் தயாரிப்பாளர், இங்கே தியேட்டர், நடுவில் நாங்கள் என்று. அடிக்கட்டை எண்ணுவதையும் சொன்னேன். கொஞ்ச நேரம் ஒன்றும் பேசவில்லை. எழும்பி உள்ளே போகிற மாதிரிப் போய், வாசற்படியில் நின்று திரும்பினார்.

“அப்ப அந்த மூண்டு மார்க்கையும் எடுத்திட்டாய். இரு, தேத்தண்ணி கொண்டு வாறன்.”