ஓட்டை சின்னன், ஒப்பரேஷன் பெருசு: என்ட நுரையீரல் சத்திரசிகிச்சை அனுபவம்

ஊர்ல யாரைக் கண்டாலும் முதல் கேள்வி இதான், "ரோபோவா டீச்சர் ஒப்பரேஷன் செஞ்சது?" ரோபோ தன்ட பாட்டுக்கு ஒண்டும் செய்யேல்ல. சேர்ஜன் அதே அறைக்குள்ள, நான் கிடந்த மேசைக்குக் கொஞ்சம் தள்ளி, ஒரு பெட்டி மாதிரி சாமானுக்குள்ள முகத்தை வச்சுக்கொண்டிருந்து ரெண்டு கையாலயும் காலாலயும் இயக்கிறார். அவர்ர கை அசைஞ்சாத்தான் எனக்கு மேல நிண்ட மெஷின்ட கை அசையும், அவர் முகத்தை வெளிய எடுத்தா நாலு கையும் அப்பிடியே நிண்டிரும். மேசைக்குப் பக்கத்தில இன்னொரு டொக்டரும் நிப்பார். டாவின்சி எண்டு பேர், அமெரிக்காவில 2000ஆம் ஆண்டிலயே அனுமதி குடுத்த மெஷின்தான், எங்கட ஆக்களுக்குத்தான் புதுசு.

நான் இதை எழுதுறது மெஷினைப் பற்றிச் சொல்ல இல்ல. வெளிய இருக்கிற காயம் சுண்டுவிரல் அகலம்தான், அதைப் பாத்திட்டு வீட்டு ஆக்கள், சொந்தக்காரர், பள்ளிக்கூடத்தில உள்ளவங்க எல்லாரும் "ஓ சின்ன ஒப்பரேஷன்தானே" எண்டு நினைக்கிறாங்க. உள்ளுக்கு எடுத்தது வலது நுரையீரல்ட மேல் பகுதி முழுசும். வலப்பக்கம் 3 பகுதி, இடப்பக்கம் 2 பகுதி, டொக்டர்மார் லோப் எண்டு சொல்றது, அதில ஒண்டு எனக்கு இப்ப இல்ல. நெஞ்சைப் பெருசாத் திறந்து செஞ்சாலும் இதே அளவுதான் எடுத்திருப்பாங்க. அதால ஆயத்தமும் சரி, பிறகு தேறி வாறதும் சரி, லேசா எடுக்கிற விசயம் இல்ல.

எனக்கு வந்தது எப்பிடியெண்டா, மாரி முடிஞ்சும் போகாத இருமல். எக்ஸ்ரேல மேல ஒரு வெள்ளைப் புள்ளி. முதல்ல எல்லாரும் காசம் எண்டுதான் நினைச்சம், சளி குடுத்துப் பாத்தாங்க, இல்ல எண்டு வந்திச்சு, ஆனா அதுக்குள்ள ஒழுங்கை முழுக்கக் கதை போயிற்று, ஒரு வீட்டில எனக்குத் தேத்தண்ணி தந்த கப்பைத் தனியா வச்சதையும் கண்டன், போகட்டும். பிறகு சீ.டி. ஸ்கான், கொழும்புக்குப் போய் டொக்டரைச் சனல் பண்ணி, ஊசி குத்தித் துண்டெடுத்துப் பாத்தா புற்றுநோய். நான் வாழ்க்கையில சிகரெட்டைத் தொட்டதில்ல. தொடாத ஆக்களுக்கும் வரும், அப்பிடி வாற ஆக்களில கூடுதலாக் காணுறது அடினோகாசினோமா எண்ட வகை, எனக்கும் அதேதான். இதை ஏன் சொல்றனெண்டா, கேள்விப்பட்ட பாதிப்பேர் என்ட மனுசனைத்தான் ஒரு மாதிரிப் பாத்தாங்க, பாவம் அந்தாள்.

கொழும்புக்குக் கிட்ட வெலிசறை அரசாங்க ஆஸ்பத்திரியில நெஞ்சு ஒப்பரேஷன் காசில்லாமச் செய்யலாம், நல்ல சேர்ஜன்மார் இருக்கிறாங்க, அதை முதல்லயே சொல்லிப்போடுறன். நாங்க சென்னைக்குப் போனது அக்கா அங்க இருக்கிறதால, 90இல இங்கயிருந்து போனவ, வளசரவாக்கத்தில வீடு. வீடியோவில கதைச்ச சென்னை டொக்டரிட்ட நான் நேரடியாவே கேட்டன், ரோபோவில செஞ்சா நோய் கூடச் சுகமாகுமா எண்டு. அவர் ஒளிக்காமச் சொன்னார், நோயைப் பொறுத்தவரை கமரா விட்டுக் கையால செய்யிறதுக்கும் இதுக்கும் பெரிய வித்தியாசம் இல்லம்மா, செய்யிற ஆள்ட அனுபவம்தான் முக்கியம், ரோபோவில எனக்கு உள்ளுக்கு நல்லாத் தெரியும், கருவியை மணிக்கட்டு மாதிரித் திருப்பலாம், நரம்பு ரத்தக்குழாய்க்குக் கிட்ட வேலை செய்ய வசதி எண்டு. இந்தப் பதிலாலதான் எனக்கு அவர்ல நம்பிக்கை வந்திச்சு.

கொண்டு போற சாமானில ஒண்டு பலருக்குத் தெரியாது. ஸ்கான்ட பிலிமும் றிப்போட்டும் மட்டும் காணாது, ஸ்கான் படம் பதிஞ்ச சீடி டிஸ்க்கும் வேணும். துண்டெடுத்த இடத்தில கண்ணாடித் தட்டும், மெழுகில பதிச்சு வச்ச புளொக்கும் கேட்டு வாங்கோணும், அங்க திரும்பப் பரிசோதிப்பாங்க. மெடிக்கல் விசா எனக்கு, கூடப் போற ஆளுக்கு வேற விசா. அதில அலைஞ்ச கதை வேண்டாம்.

சென்னைக்குப் போகும் வரைக்கும் இருந்த இடைவெளியில திருகோணமலையில இருந்து நான் செஞ்ச ஆயத்தம்தான் உண்மையில என்னைக் காப்பாத்தினது எண்டு நான் நினைக்கிறன். மூண்டு பந்து உள்ள ஒரு பிளாஸ்டிக் சாமான், பாமசியில இருக்கு, 600, 900, 1200 எண்டு எழுதியிருக்கும், குழாயை வாயில வச்சு உள்ளுக்கு இழுக்கோணும், ஊதுறது இல்ல. எங்கட வீட்டில வந்த ஒவ்வொருத்தரும் எடுத்து ஊதிப் பாத்திட்டு வேலை செய்யுதில்ல எண்டாங்க. மெதுவா இழுத்து, பந்தை மேல நிறுத்தி வச்சு, பிறகு விடோணும். முதல்ல எனக்கு ரெண்டாவது பந்து ஆடும், நிக்காது. கடைசியில மூண்டும் எழும்பி நிண்டுது, அண்டைக்கு நான் பட்ட புளுகம் சொல்லி மாளாது.

நடையும் அப்பிடித்தான். விடிய வெள்ளென டச் பே கரையால நடந்து, கோட்டை வாசலுக்குள்ளால ஏறிக் கோணேசர் கோயில் வரைக்கும். அந்த ஏத்தம் தெரிஞ்ச ஆக்களுக்குத் தெரியும், கடைசித் துண்டில சுகதேகியே மூச்சு வாங்குவான். எனக்கு ஒரு கணக்கு இருந்திச்சு, ஏறும்போது பக்கத்தில வாற ஆளோட ஒரு வசனம் முழுசாக் கதைக்க ஏலுமெண்டா சரி, இடையில மூச்சு முட்டினா நிண்டு அங்க திரியிற மானைப் பாக்கிற மாதிரி நடிக்கிறது. வீட்டில விறகடுப்பு நிப்பாட்டு, சாம்பிராணி நிப்பாட்டு, மனுசன் சிகரெட் பத்துறதெண்டா கேற்றுக்கு வெளிய. சீனி வருத்தம் இருந்ததால அதைக் கட்டுக்குள்ள கொண்டு வரச் சொன்னாங்க. பல்லு டொக்டரிட்டயும் போகச் சொன்னாங்க, இதென்ன விசர்க்கதை எண்டு பாத்தா, வாயில உள்ள கிருமி மயக்கத்தில கிடக்கிற நேரம் நுரையீரலுக்குள்ள இறங்கினா நிமோனியாவாம். நாங்களே சிகரெட் பத்துற ஆக்களெண்டா, குறைஞ்சது நாலு கிழமைக்கு முதலே விடோணும் எண்டும் அங்க ஒரு பேஷண்டுக்குச் சொன்னதைக் கேட்டன்.

சென்னையில பெட் ஸ்கான், ஆறு மணித்தியாலம் சாப்பிடாமப் போகோணும், மருந்தே ஒரு வகைச் சீனிதான், அது எங்க கூட உறிஞ்சப்படுதெண்டு பாக்கிறது, அதால உடம்பில சீனி கூட இருந்தாச் செய்ய மாட்டாங்க. பிறகு ஊதுற டெஸ்ட், மூக்கைக் கிளிப் போட்டு மூடிட்டு ஒரு பொடியன் "ஊதுங்க ஊதுங்க ஊதுங்க, விடாதீங்க" எண்டு கத்துவான். ஒரு பகுதியை எடுத்தா மிச்சத்தில வாழ ஏலுமா எண்டு கணக்குப் பாக்கிறது அதாலதான்.

ஒப்பரேஷனுக்கு முதல் நாள் இரவு கிருமிநாசினி போட்டு முழுக்கு, நகத்தில பூச்சு இருக்கப்படாது, உடம்பில உலோகம் இருக்கப்படாது. தாலிக்கொடி கழட்டோணும். நான் கலியாணம் கட்டின நாளில இருந்து கழட்டாத சாமான். சிஸ்டர் பாத்துக்கொண்டு நிக்க இவர் கை நடுங்க நடுங்கக் கழட்டி லேஞ்சியில சுத்திச் சேட்டுப் பொக்கற்றில வச்சு, அதுக்கு மேல கையையும் வச்சுக்கொண்டு நிண்டார், தியேட்டர் கதவு மூடும் வரைக்கும் அந்தக் கை எடுபடேல்ல.

மயக்கத்தில நடந்ததைப் பிறகு கேட்டுத்தான் அறிஞ்சன். ரெண்டு வழி உள்ள குழாயைத் தொண்டைக்குள்ளால விட்டு, வலது நுரையீரலைக் காத்தில்லாமச் சுருங்க விட்டு, இடப்பக்கத்தால மட்டும் மூச்சு. என்னை இடப்பக்கம் சரிச்சு, வலது கையைத் தலைக்கு மேல தூக்கிக் கட்டி, விலாவெலும்புக்கு இடையால கருவியை விட்டிருக்கிறாங்க. வெட்டின பகுதியை ஒரு பைக்குள்ள போட்டு, ஒரு ஓட்டையைக் கொஞ்சம் பெருப்பிச்சு வெளிய எடுத்தது. நோய் பரவியிருக்கா எண்டு பாக்க நிணநீர்க் கட்டிகளும் எடுத்துச் சோதினைக்கு அனுப்பினாங்க.

எழும்பினா முதல் நோவு நெஞ்சில இல்ல, தோள்பட்டையில! கையைத் தூக்கி வச்சதாலயும், உள்ளுக்கு இருக்கிற டியூப்பாலயும் வரும், பயப்பிடாதீங்க. தொண்டை கரகரப்பு. விலாப்பக்கத்தால ஒரு டியூப் போய் கீழ தண்ணி உள்ள போத்தலில முடியும், இருமினாக் குமிழி வரும், குமிழி வருதெண்டா நுரையீரல்ல வெட்டி ஒட்டின இடத்தால இன்னும் காத்துக் கசியுது. வார்ட்டில எல்லாரும் தங்கட போத்தலைத்தான் பாத்துக்கொண்டு கிடப்பம், பக்கத்துக் கட்டில் ஐயாவுக்கு என்னைவிடக் கனநாள் குமிழி விட்டது, பாவம் அவர் என்ட போத்தலை ஆசையாப் பாப்பார். எனக்குக் கழுத்தடியில தொட்டாத் தோலுக்குக் கீழ பப்படம் நொறுங்கிற மாதிரிச் சத்தம் ஒரு நாள் வந்திச்சு, காத்துத் தோலுக்குள்ள போனதாம், தானா வத்திச்சு. ஆனா அப்பிடி வந்தா உடனே சொல்லோணும்.

அடுத்த நாளே நடத்திட்டாங்க, போத்தலை நெஞ்சு மட்டத்துக்குக் கீழ பிடிச்சுக்கொண்டு. பிஸியோ பிள்ளை வந்து "நல்லா இருமுங்கம்மா" எண்ட நேரம் அவவில எனக்கு வந்த ஆத்திரம்! தலகணியை நெஞ்சோட இறுக்கிப் பிடிச்சுக்கொண்டு இருமோணும், அப்பத்தான் நோவு தாங்கலாம். நோவுக் குளிசையை வீரம் காட்டி விடப்படாது, நோவெண்டு இருமாம விட்டாச் சளி கட்டும், சளி கட்டினாக் காய்ச்சல். அந்தக் குளிசையால மலச்சிக்கல் வரும், அதுக்கும் மருந்து கேட்டு வாங்குங்க, வெக்கப்படாதீங்க, முக்கினா நெஞ்சு பிளக்கும். டியூப் எடுக்கிறது ஒரு செக்கன், மூச்சை இழுத்துப் பிடிக்கச் சொல்லி உருவிட்டு நூலை இறுக்கிக் கட்டுவாங்க.

படுத்துக்கிடந்த நேரம் மருமகன் ஒரு கதை வாசிச்சுக் காட்டினான். 1933இல அமெரிக்காவில எவட்ஸ் கிரகாம் எண்ட சேர்ஜன் புற்றுநோய்க்காக ஒரு டொக்டர்ட இடது நுரையீரலை முழுசா எடுத்திருக்கிறார். அந்தப் பேஷண்ட் ஒத்தை நுரையீரலோட 1963 வரைக்கும் இருந்திருக்கிறார், சேர்ஜன் கடுமையாச் சிகரெட் பத்துற ஆள், 1957இல நுரையீரல் புற்றுநோயில போயிற்றார். எனக்கு அதைக் கேட்டுச் சிரிக்கிறதா அழுறதா எண்டு தெரியேல்ல, சிரிச்சா நோகும், அதால பேசாமக் கிடந்தன்.

உடனே ஊருக்கு வர விடேல்ல. விமானத்துக்குள்ள காத்தழுத்தம் 6000 – 8000 அடி உயரத்தில இருக்கிற அளவுதான், நெஞ்சுக்குள்ள காத்து மிச்சமிருந்தா அது விரியும். எக்ஸ்ரே எடுத்துப் பாத்து, பறக்கலாம் எண்டு கடிதம் தந்த பிறகுதான் அக்கா வீட்டால வெளிக்கிட்டம். பலாலியில இறங்கி வவுனியா, ஹொரவப்பொத்தானைப் பக்கத்தால வான். சீட் பெல்ட் சரியாக் காயத்துக்கு மேலால போகும், சின்னத் தலகணி ஒண்டு இடையில வையுங்க, ஒவ்வொரு மேடு பள்ளத்திலயும் எனக்கு நன்றி சொல்லுவீங்க.

வீட்டுக்கு வந்தா சனம். பாக்க வாற ஆக்களுக்கு மாஸ்க் போடச் சொன்னா கோவிப்பாங்க, கோவிக்கட்டும். சாப்பாட்டில பெரிய சண்டை. மாமி றால், கணவாய், கத்தரிக்காய், தக்காளி எல்லாம் கிரந்தி, காயம் பழுக்கும் எண்டு சரக்குக் கறியும் சோறும்தான். டொக்டர் புரதம் நிறையச் சாப்பிடு எண்டவர். கடைசியில விளைமீன் சொதி, முட்டை, பருப்பு எண்டு உடன்பாட்டுக்கு வந்தம், றால் மட்டும் மாமிக்காக விட்டுக்குடுத்தன். கிணத்தில தண்ணி அள்ளக்கூடாது, வாளி தூக்கக்கூடாது, தேங்காய் திருவக்கூடாது, அந்தக் கை ஆட்டம் நேரா விலாவில போய்க் குத்தும். ஆனா கையைச் சும்மா வச்சிருந்தாத் தோள் இறுகிரும், சுவர்ல விரலால மேல மேல ஏறிப் போற பயிற்சி ஒவ்வொரு நாளும். கன்னியா சுடுதண்ணிக் கிணத்தில முழுகினா உடம்பு நோவெல்லாம் போகும் எண்டு ஒருத்தர் கூட்டிப்போகவே வந்திட்டார், காயம் காயும் வரைக்கும் ஊறக் குளிக்கிறது, கடல் குளிப்பு ஒண்டும் இல்ல.

பொம்பிளையளுக்கு ஒண்டு சொல்லோணும், இதை எனக்கு ஒருத்தரும் சொல்லேல்ல. உள்சட்டைப் பட்டி போற அதே வரியிலதான் ஓட்டைகள். கன நாளைக்குப் போட ஏலாது, பருத்தியில தொளதொளத்த சட்டை நாலைஞ்சு முன்னுக்குப் பொத்தான் வச்சதாத் தைச்சு வையுங்க, தலைக்கு மேலால போடுறது முடியாத காரியம். மார்புக்குக் கீழ இருந்து வயித்துப் பக்கம் வரைக்கும் ஒரு மரத்த தன்மை, சில நேரம் எரிவு, விலாவெலும்புக்குக் கீழ ஓடுற நரம்பு நசிஞ்சதால வாறது. தையல் காய்ஞ்ச பிறகும் இது மாசக்கணக்கா இருந்திச்சு, நரம்புக்குத் தனிக் குளிசை தந்தாங்க, இப்பவும் ஒரு கை அகலத்துக்கு மரப்பு இருக்கு.

காய்ச்சல், திடீரெண்டு மூச்சு முட்டுறது, சளியில ரத்தம், ஒரு கால் மட்டும் கெண்டைச்சதை வீங்கி நோகிறது, இதில ஒண்டு வந்தாலும் கிளினிக் நாள் பாத்துக்கொண்டிருக்காம நேரா ஆஸ்பத்திரி.

பள்ளிக்கூடத்துக்குத் திரும்பிப் போன பிறகுதான் மூச்சுட அளவு விளங்கிச்சு. நடக்கலாம், படி ஏறலாம், ஆனா பாடம் உரத்து வாசிக்க வசனத்துக்கு நடுவில மூச்சு முடிஞ்சிரும், பிள்ளைகள் முன் வாங்கில இருந்து அடுத்த சொல்லை எடுத்துத் தருவாங்க. மிச்சமிருக்கிற ரெண்டு பகுதியும் விரிஞ்சு அந்த இடத்தை நிரப்பும் எண்டவங்க, அது உண்மைதான், இப்ப ஒரு பந்தி முழுசா வாசிக்கிறன்.

கட்டி சின்னன், நிணநீர்க் கட்டியில பரவேல்ல, அதால கீமோ தேவையில்ல எண்டிட்டாங்க. ஆனா ஆறு மாசத்துக்கு ஒருக்கா ஸ்கான் இருக்கு, ரெண்டு மூண்டு வருசத்துக்குப் பிறகு வருசத்துக்கு ஒருக்கா. முதல் ஸ்கான் சுத்தம். அடுத்தது தைப்பொங்கல் கழிச்சு, பழைய சீடி எல்லாத்தையும் ஒரு உறையில போட்டுத் திகதி எழுதி வச்சிருக்கன், புதுசை ஒப்பிட்டுப் பாக்கப் பழசு கட்டாயம் கேப்பாங்க. மூண்டு பந்துச் சாமான் இப்ப உவர்மலையில ஒரு அண்ணன் வீட்டில, அவருக்கு வாற மாசம் ஒப்பரேஷன், புதுசா வாய்க்குழாய் வாங்கிப் போடச் சொல்லித்தான் குடுத்தன், அவரும் முதல் நாள் ஊதித்தான் பாத்தவர்.